பழைய பள்ளிக்கூடமும் பதிவேடும்

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விழைவோர் முதலில் கோயிலுக்குச் செல்வர், கல்வெட்டைத் தேடுவர். பள்ளிக்கூடத்தைத் தேடிச் செல்வோர் மிகச் சிலரே. ஆயினும், பாலாற்றை ஒட்டி இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் தோல் பதனிட்டு வாழ்ந்த எளிய குடும்பங்கள் பலவற்றின் பெயர் முதன்முதலாக எழுத்தில் ஏறியது பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில்தான்.

தொடக்கத்தில் பள்ளிக்கெனத் தனிக் கட்டடம் இல்லை. ஆசிரியர் வீட்டுத் திண்ணையே பள்ளி. 1822ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ கணக்கெடுக்க ஆணையிட்டபோது, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தமை தெரியவந்தது. அப்பெருமையைக் கூறுவோர், அத்திண்ணையில் அமர இடம் பெறாதவர் யாவர் என்பதையும் சேர்த்தே கூறுதல் வேண்டும். பெண்கள் மிகச் சிலரே பயின்றனர். தீண்டாமைக்கு உள்ளானோர்க்குத் திண்ணை எட்டாத உயரமாகவே இருந்தது.

அவர்கள் நுழையக்கூடிய கூடம் பின்னர்தான் எழுந்தது. 1853இல் நிறுவப்பெற்ற அமெரிக்க ஆற்காடு மறைப்பணி மன்றம் சிற்றூர்களில் பள்ளிகளைத் தொடங்கியது. ஒரே அறை, ஓர் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமையில் அதுவே வழிபாட்டுக் கூடம். தோல் வணிகர்களும் கல்விக்குப் பொருள் ஈந்தனர். வாணியம்பாடியில் 1919இல் இசுலாமியாக் கல்லூரி தோன்றியது. மேல்விசாரத்து வள்ளல் சி. அப்துல் ஹக்கீமின் பெயர் இன்றும் கல்லூரியாக நிலைத்திருக்கிறது. 1920களில் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோர்க்கெனப் பள்ளிகளை நடத்தியது. காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு முன்னெடுத்த பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின்போது ஊர்மக்களே மரப்பலகையும் பணமும் நிலமும் தந்தனர். இவ்வாறு எழுந்த கூடங்கள்தாம் இன்று ‘பழுதடைந்த கட்டடம்’ என்னும் ஒரே பெயரைத் தாங்கி நிற்கின்றன.

பழுதைப் பற்றிய அச்சம் பொய்யன்று. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். 2021 திசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். அதன்பின் சிதைந்த கட்டடங்களை இடிக்க அரசு ஆணையிட்டது முற்றிலும் சரியே. ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட புதிய வகுப்பறைகளைக் கட்டும் பணி 2023 பிப்ரவரி 1 அன்று காட்பாடியில் தொடங்கப்பெற்றதும் வரவேற்கத்தக்கதே. ஒரு குழந்தையின் உயிருக்கு ஈடாக நிறுத்தத்தக்க பழமை எதுவுமில்லை.

ஆனால், பழையது வேறு, பழுதானது வேறு. சுண்ணாம்புக் காரையால் எழுப்பிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உப்பிப் பெயர்கிறது. உடைந்த ஓட்டை மாற்றாமல் விட்டால் உத்திரம் உளுத்துப்போகிறது. வெடிப்பில் முளைத்த அரசங்கன்றை ஒருவரும் பிடுங்குவதில்லை. பத்தாண்டுப் புறக்கணிப்பின் பழியைக் கட்டடத்தின் வயதின்மீது ஏற்றுவது நேர்மையாகாது. பொறியாளர் சுவரையும் கூரையையும் தனித்தனியே ஆய்ந்து எழுத்தில் தரும் முடிவே இடிப்பதற்கு அடிப்படையாக வேண்டும். உறுதியான கூடம் நூலகமாகலாம்; கலையரங்கமாகலாம்.

சட்டத்தின் துணை இங்குக் குறைவே. 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தொல்சின்னங்கள் சட்டம் நூறாண்டு கடந்தவற்றையே கருதுகிறது. புகழ் வாய்ந்த பள்ளிகளுக்கோ நினைவே காவல். வேலூர் ஊரீசு கல்லூரி தன்னிடம் பயின்ற இராதாகிருஷ்ணனின் பெயரால் நினைக்கப்படுகிறது. இராசகோட்டில் காந்தியடிகள் பயின்ற ஆல்பிரட் பள்ளி 2018இல் அருங்காட்சியகமானது. புகழாளர் எவரும் பயிலாத ஓரறைப் பள்ளியை யார் காப்பர்? மகாராட்டிரத்துச் சாத்தாராவில் அம்பேத்கர் 1900 நவம்பர் 7 அன்று பள்ளியிற் சேர்ந்ததைக் காட்டும் பதிவேடு போற்றிக் காக்கப்படுகிறது. அந்நாள் அங்கு மாணவர் நாள். பெயர் பதியப்பெற்ற அன்று அவரும் பிறரைப் போல ஒரு சிறுவரே. அவர் பின்னர் யாராவார் என்பது எழுதிய கைக்குத் தெரியாது.

இடித்தே தீரவேண்டிய கூடமாயினும், இடிக்குமுன் அதன் அளவுகளை வரைந்து, ஒளிப்படம் எடுத்து, அங்குப் பயின்ற முதியோரின் சொற்களைப் பதிந்து வைக்க அதிகச் செலவாகாது. பதினோராம் வகுப்பு மாணவர் பத்துப்பேர் ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய பணி அது. அதற்கும் முன்னதாகப் பதிவேடுகளைப் படியெடுக்க வேண்டும். சேர்க்கைப் பதிவேடு என்றென்றும் பேணத்தக்க ஆவணம் என்பது தலைமையாசிரியர் அனைவரும் அறிந்ததே. எனினும், ஒழுகும் கூரையின்கீழ் துருவேறிய இரும்பு அலமாரியில் இருக்கும் ஏட்டைச் செல்லும் இராமபாணப் பூச்சியும் நாள்தோறும் அரிக்கின்றன. புதிய கட்டடத்திற்கு மேசையும் நாற்காலியும் மாறும் நாளில் அவ்வேடும் உடன் செல்கிறதா, பழைய தாள் வாங்குவோரின் தராசுக்குச் செல்கிறதா என்பதைப் பார்ப்பதற்கு ஊரில் ஒருவராவது அன்று பள்ளியில் இருத்தல் வேண்டும்.