சடுகுடுவுக்கு உடம்பு மட்டும் போதுமா?

வேதாரண்யத்தில் கோல்ஃப் ஆடுவதற்குப் புல்வெளி கிடையாது. அகஸ்தியன்பள்ளியில் உப்பளம் இருக்கிறது. கோடியக்கரையில் காடு இருக்கிறது. மற்ற இடமெல்லாம் மணல். அந்த மணலில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வருவது சடுகுடு. ஆனாலும் சென்னைப் புத்தகக் கடைகளில் விளையாட்டு நூல்களுக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் கோல்ஃப் ஆட்டக்காரர்கள்மீது எங்களுக்குச் சற்றே பொறாமை உண்டாகும். அசையாமல் கிடக்கும் ஒரு பந்தைக் கோலால் அடிப்பதற்கு எத்தனை நூல்கள்! உடலை எப்படிப் பேணுவது, அடிக்கும் நுட்பத்தை எப்படிப் பழகுவது, மனத்தை எப்படி அடக்குவது என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அத்தியாயம் அத்தியாயமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழு பேர் காத்திருக்கும் களத்துக்குள் ஒற்றை ஆளாக நுழைந்து, பாட்டு அறுபடாமல் தொட்டுத் திரும்ப வேண்டிய ஆட்டத்துக்குத் தமிழில் அப்படியொரு நூல் எங்கள் கண்ணில் பட்டதில்லை.

சடுகுடுவைப் பற்றி நாம் பேசாமல் இல்லை. 'கில்லி' (2004), 'வெண்ணிலா கபடிக்குழு' (2009), 'பைசன்' (2025) என்று திரைப்படங்கள் வந்திருக்கின்றன. அவற்றைக் குறைத்து மதிப்பது எங்கள் நோக்கமன்று. ஆனால் திரையிலும் சரி, கதைகளிலும் சரி, இந்த ஆட்டம் பெரும்பாலும் வேறொன்றுக்கு உவமையாகவே வருகிறது: காதலுக்கு, சாதிப் பகைக்கு, ஊர் மானத்துக்கு. பாடிச் செல்பவனின் முன்கால் எங்கே ஊன்றியது, பிடித்தவனின் கை எந்தக் கணத்தில் கணுக்காலைத் தேடியது என்பதை எவரும் எழுதுவதில்லை. 'வீரம்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்கு ஆகும் செலவை எங்கள் ஊர்ப் பையன்களின் முழங்கால்கள் கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் குறை.

பொங்கலையொட்டியோ கோயில் திருவிழாவையொட்டியோ நடக்கும் போட்டியொன்றை நினைத்துப் பாருங்கள். எடைப்பிரிவில் நுழைவதற்காக முதல் நாளிலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த பையன், எடை பார்த்து முடிந்தவுடன் பரோட்டாவை அள்ளிப் போட்டுக்கொள்கிறான். பிறகு அணியின் முறை வரும்வரை மூன்று மணி நேரம் தரையில் குந்தியிருக்கிறான். நள்ளிரவு தாண்டி ஒலிபெருக்கியில் அணியின் பெயர் வருகிறது. பனியில் விறைத்த கால்களோடு சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அப்படியே களத்தில் இறங்குகிறான். இரண்டாவது பாட்டிலோ மூன்றாவது பாட்டிலோ காலை ஊன்றித் திரும்பும்போது முழங்காலுக்குள் 'சட்'டென்று ஒரு சத்தம். எண்ணெய் போட்டுக் கட்டுகிறார்கள். வீக்கம் வற்றியதும் மறுபடி ஆடுகிறான், மறுபடி விழுகிறான். கடைசியில் மருத்துவர் 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்கிறார். அறுவை சிகிச்சை செய்தாலும் ஒன்பது மாதமாவது பொறுத்திருந்து, படிப்படியாகப் பயிற்சி செய்து மீள வேண்டும். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் ஒன்பது மாதம் யார் பொறுப்பது? விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்ற கனவு அங்கேயே முடிந்துபோகிறது. இப்படி இருபத்தைந்து வயதில் ஆட்டத்தை விட்டவர்கள் எங்கள் பக்கத்துத் தெருக்களில் இருக்கிறார்கள். முழங்காலோடு முடிந்தால் அதுவே பாக்கியம் என்று சொல்லும் நிலையும் உண்டு. 2022 ஜூலையில் பண்ருட்டிக்கு அருகே ஒரு போட்டியில் பாடிச் சென்ற இளைஞர் களத்திலேயே விழுந்து உயிரிழந்தார்.

முதலில் உடலைப் பற்றி. உப்பளத்தில் வாரியடித்துப் பழகிய உடம்பு, வயலில் நாற்றுமுடி சுமந்த உடம்பு, இதற்குமேல் என்ன பயிற்சி என்று எங்கள் பெரியவர்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பு ஒரே அசைவை நாள் முழுதும் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறது. ஆட்டமோ முப்பது விநாடிக்குள் பாய்ச்சல், திடீர் நிறுத்தம், பக்கவாட்டுத் திருப்பம், தரையோடு ஊர்தல் எல்லாவற்றையும் கேட்கிறது. பிறகு சற்று ஓய்வு, மீண்டும் அதே பாய்ச்சல். இருபது நிமிடம் வீதம் இரண்டு பாதிகள் இப்படியே கழிகின்றன. இதற்கு வேண்டிய மூச்சு, பத்து மைல் நிதானமாக ஓடுபவனின் மூச்சு அன்று. குறுகிய ஓட்டம், குறுகிய ஓய்வு என்று மாற்றி மாற்றிப் பழகினால் மட்டுமே அது கைகூடும். தண்டாலும் பஸ்கியும் நல்லவைதான். அவற்றோடு ஒற்றைக் காலில் நிற்கவும், குதித்து முழங்காலை மடித்து இறங்கவும் பழக வேண்டும். கால்பந்து ஆட்டக்காரர்களுக்காக ஃபிஃபா வகுத்த இருபது நிமிட முன்பயிற்சி காயங்களைக் கணிசமாகக் குறைப்பதாக ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதில் இருப்பவை ஓட்டமும் குதிப்பும் சமநிலையும்தான். கருவி எதுவும் வேண்டியதில்லை. நம்மிடம் மணலே இருக்கிறது.

அடுத்தது நுட்பம். பதின்மூன்று மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் கொண்ட களத்தில், ஒரு பாதி என்பது ஆறரை மீட்டர்தான். நடுக்கோட்டிலிருந்து மூன்றே முக்கால் மீட்டரில் பாக் கோடு. அதற்கு ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு. இந்தச் சின்ன இடத்தில் வலிமையைவிடக் கோணமே பெரிது. பாடிச் செல்பவர் எந்தக் காலை முன்வைத்து நுழைகிறார், இடுப்பை எவ்வளவு தாழ்த்தியிருக்கிறார், திரும்பும்போது ஊன்றிய கால் சுழல இடமிருக்கிறதா என்பதெல்லாம் பழக வேண்டியவை. ஊன்றிய பாதம் தரையைப் பிடித்துக்கொள்ள உடம்பு மட்டும் திரும்பும்போதுதான் ஜவ்வு கிழிகிறது. பிடிப்பவருக்கும் இப்படியே. எதிராளியின் எடை எந்தக் காலுக்கு மாறுகிறதோ அந்தக் காலைப் பிடித்தால் ஒற்றைக் கை போதும். எடை இல்லாத காலைப் பிடித்தால் இரண்டு கையும் உதையும் வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விழுவது எப்படி என்று நாம் சொல்லிக்கொடுப்பதே இல்லை. ஜூடோ பழகுபவனுக்கு முதல் பாடமே விழுதல். நம் பையன்களோ கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவதான மனத்தைப் பற்றிப் பேசினால் 'இதெல்லாம் படித்தவர்கள் பேச்சு' என்று சிரிப்பார்கள். ஆனால் சடுகுடுவை உண்டாக்கியவர்கள் மனத்தை மறந்தவர்கள் அல்லர். பாட்டு அறுபட்டால் ஆள் வெளியே என்ற விதி வேறெதற்காக? பயந்தவனின் மூச்சு முதலில் உடைகிறது. உடைந்தது ஊருக்கே கேட்டுவிடுகிறது. மனத்தின் நிலையை மூச்சின் வழியாக வெளியே கேட்கவைக்கும் விளையாட்டு உலகில் இது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. கோல்ஃப் ஆட்டக்காரரான அனிர்பன் லாஹிரி விபாசனா தியானம் பழகுபவர். டென்னிஸ் பயிற்சியாளர் திமோதி கால்வே 1974-ல் எழுதிய நூலின் சாரம், நம்மையே ஓயாமல் திட்டிக்கொண்டிருக்கும் உள்குரல்தான் நம் உடலுக்குப் பெரிய இடைஞ்சல் என்பது. எங்கள் ஊர் ஆட்டக்காரனுக்கு அந்த உள்குரல் போதாதென்று கோட்டுக்கு வெளியே நிற்கும் நூறு பேர் 'விடாதே, பாயுடா' என்று கத்துகிறார்கள். பாயக் கூடாத நேரத்தில் அவன் பாய்கிறான்.

இவையெல்லாம் கற்பனை இல்லை என்பதற்கு 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியே சான்று. 1990-ல் கபடி சேர்க்கப்பட்டதிலிருந்து தங்கத்தைத் தவறவிடாத இந்திய ஆண்கள் அணி, அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று தோற்றது. பெண்கள் இறுதிப் போட்டியிலும் ஈரான் 27-24 என்று வென்றது. அந்தப் பெண்களுக்குப் பயிற்சியளித்தவர் நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். யோகாசனத்தையும் பிராணாயாமத்தையும் அவர்களது பயிற்சியில் சேர்த்தவர். மூச்சுப் பயிற்சி நம்முடையது, ஆட்டம் நம்முடையது என்று நாம் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது அவர்கள் இரண்டையும் பழகிக்கொண்டிருந்தார்கள்.

அருகிலேயே இன்னொரு சான்று உண்டு. தஞ்சை மாவட்டத்துத் திருச்சனம்பூண்டியில் 1975-ல் பிறந்த தர்மராஜ் சேரலாதன், பிடிப்பதில் பெயர் பெற்றவர். 2016-ல் பாட்னா பைரட்ஸ் அணி புரோ கபடிப் பட்டத்தை வென்றபோது அதன் தலைவர் அவர்தான். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 41. 2019-ல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குத் தலைமை ஏற்றபோது 44. தம் வயதில் பாதிகூட நிரம்பாத பையன்கள் அவரை 'அண்ணா' என்று அழைத்தார்கள். வடநாட்டு வர்ணனையாளர்களும் அவ்வாறே அழைத்தார்கள். உடம்பு மட்டுமே ஆட்டம் என்றால் அவர் பத்தாண்டுக்கு முன்பே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அவர் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அவசரமில்லை, எதிராளியின் காலைப் பார்த்தபடி நிற்பார், தேவையான கணத்தில் மட்டும் அசைவார். எங்கள் ஊரில் இருபத்தைந்தில் முடியும் ஆட்டத்தை அவர் நாற்பத்து நாலிலும் ஆடினார் என்பதை நம் பையன்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

வறுமையில் ஆடும் பிள்ளைகளிடம் போய் மனம், நுட்பம் என்று பேசுவது வசதியானவர்களின் உபதேசம் ஆகாதா என்று கேட்கலாம். நாங்களும் அதை யோசித்தோம். பாயும் உடற்பயிற்சிக் கூடமும் கேட்டால் அது உபதேசம்தான். நாங்கள் கேட்பவை காசில்லாதவை. சென்னை கண்ணகி நகரிலிருந்து சென்ற கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். வசதி வந்த பிறகுதான் பயிற்சி என்று அங்கே எவரும் காத்திருக்கவில்லை.

அளவறிந்து போவது இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியில் புறப்பட்ட உப்புச் சத்தியாக்கிரகப் படை ஏறத்தாழ 150 மைல் நடந்து 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தது. நடத்தி வந்த ராஜாஜிக்கு 51 வயது, ஆஸ்துமா வேறு. ஒரே மூச்சில் ஓடிவர அவர்கள் முயலவில்லை. நாளுக்குப் பத்து மைல் என்று நடந்துதான் வந்து சேர்ந்தார்கள்.

வரும் பொங்கலுக்குப் போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான். களத்துக்குப் பக்கத்தில் பத்தடி இடத்தை உடம்பைச் சூடேற்றிக்கொள்வதற்கென்று ஒதுக்குங்கள்; அடுத்து ஆடவிருக்கும் அணியை இருபது நிமிடம் முன்னதாகவே ஒலிபெருக்கியில் அழையுங்கள். தண்ணீர் குடிக்காமல் எடை குறைத்து வருபவனைத் தடுத்து நிறுத்துங்கள். நள்ளிரவோடு ஆட்டத்தை முடித்து மிச்சத்தை மறுநாள் காலைக்கு வையுங்கள். முதலுதவி தெரிந்த ஒருவரும் ஒரு வண்டியும் விடியும்வரை அங்கே இருக்கட்டும். ஊரில் ஆடி ஓய்ந்த பழைய ஆட்டக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்களை மேடையில் உட்காரவைத்துத் துண்டு போர்த்துவதோடு விட்டுவிடாமல், வாரத்துக்கு ஒரு மாலை மணலுக்கு அழைத்து வாருங்கள். எப்படி விழ வேண்டும் என்று அவர்கள் முதலில் சொல்லித் தரட்டும்.