350 மடங்கு தண்ணீர் குடிக்கும் ஜெல்: மானாவாரி விவசாயிக்கு மடங்கு கணக்கு மட்டும் போதுமா?

குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில், அதே தென்காசி மாவட்டத்தின் கிழக்குப் பக்கம் போய்ப் பாருங்கள். சங்கரன்கோவில், குருவிகுளம் பகுதி மானாவாரி நிலங்கள் வடகிழக்குப் பருவமழைக்காகக் காத்துக்கிடக்கும். ஒரே மாவட்டம்தான், ஆனா தண்ணி கணக்கு வேற வேற.

இப்படிப்பட்ட நிலங்களுக்குத் தீர்வாகப் பேசப்படுவதுதான் ஹைட்ரோஜெல். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'பூசா ஹைட்ரோஜெல்' இதில் பிரபலம். செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்ட இது, தன் எடையைப்போல 350 மடங்கு தூய நீரை உறிஞ்சும். ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ என்பது பரிந்துரை. கேட்கவே ஆசையா இருக்குல்ல? ஆனால், 'எத்தனை மடங்கு?' என்று மட்டும் கேட்டு இதை வாங்கக் கூடாது என்பதே நம் வாதம்.

முடிச்சுதான் விஷயமே!

சர்க்கரை தண்ணீரில் கரைந்துவிடும். பாதாம் பிசின் கரையாமல் ஊதிப் பெருக்கும். ஹைட்ரோஜெல் இரண்டாவது ரகம். அதற்குள் பாலிமர் எனும் நீளமான மூலக்கூறு இழைகள் இருக்கின்றன. அந்த இழைகளை ஆங்காங்கே முடிச்சுப் போட்டு வலையாக்குவதுதான் கிராஸ்லிங்கிங், அதாவது குறுக்குப் பிணைப்பு. முடிச்சே இல்லாவிட்டால் இழைகள் தண்ணீரில் கரைந்து போய்விடும்.

முடிச்சு குறைவாக இருந்தால் வலை நன்றாக விரியும், நிறைய தண்ணீர் பிடிக்கும். ஆனால் ஜெல் கொழகொழவென்று இருக்கும். மேலே மண் அழுத்தினால் விரிய முடியாது. காயும்போது உள்ளே இருக்கும் நுண்துளைகளும் ஒட்டிக்கொள்ளும். முடிச்சு அதிகமானால் ஜெல் உறுதியாகும், துளைகள் நிலைக்கும், தண்ணீர் வேகமாக உள்ளே போகும். ஆனால் மொத்தக் கொள்ளளவு குறையும். இரண்டையும் ஒருசேர உச்சத்தில் வைக்க முடியாது. பால் ஃப்ளோரியும் ஜான் ரேனரும் 1943-லேயே இந்த உறவைச் சமன்பாடாக எழுதிவிட்டார்கள். ஃப்ளோரி 1974-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்.

அப்படின்னா, 350 என்ற எண் பொய்யா?

பொய் இல்லை. அது தூய நீருக்கான கணக்கு. போர்வெல் தண்ணீரில் உப்பு இருக்கும். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் இரண்டு இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும். அதாவது, தண்ணீரே கூடுதல் முடிச்சுப் போட்டுவிடும். ஜெல் சுருங்கும். மழைநீரில் ஊறும் அதே ஜெல், உப்புத் தண்ணீரில் அந்த அளவுக்கு ஊறாது.

இன்னொரு சின்ன கணக்கு. 2 கிலோ ஜெல் 350 மடங்கு குடித்தால் 700 லிட்டர். ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தாலே விழும் தண்ணீர் சுமார் 4,000 லிட்டர். ஆக, ஏக்கர் முழுக்கத் தூவிய ஜெல் ஒரு தடவை நிரம்பினால் சேமிப்பது 0.2 மில்லிமீட்டர் மழையைக்கூட எட்டாது!

அதனால் ஜெல்லே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு மழைக்கும் அது திரும்ப நிரம்பும். பரவலாகத் தூவாமல் விதை வரிசையில், வேர்ப்பகுதியில் போட்டால், இரண்டு மழைக்கு இடையே நாற்று வாடாமல் தாக்குப்பிடிக்க உதவும். தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும் மணற்பாங்கான நிலத்தில் இதற்குப் பலன் அதிகம். கரிசல் மண் தானாகவே தண்ணீர் பிடித்துவைக்கும் என்பதால், அங்கே ஒரு சின்ன பாத்தியில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

என்ன கேட்க வேண்டும்?

எந்த கம்பெனி ஜெல்லாக இருந்தாலும் பாக்கெட்டில் மூன்று தகவல்கள் இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் எத்தனை மடங்கு? மண்ணின் அழுத்தத்தில் எத்தனை மடங்கு? மண்ணில் எத்தனை பருவம் தாங்கும், பிறகு எப்படி மட்கும்? இந்த மூன்றையும் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டியது அரசின் வேலை. காசு கொடுத்து வாங்குபவர் மானாவாரி விவசாயி. அவருக்குத் தெரிய வேண்டியது, தன் நிலத்தில் இந்த ஜெல் எவ்வளவு குடிக்கும் என்பதுதான். ஆய்வகக் குவளையில் எவ்வளவு குடிக்கும் என்பது அவருக்கு எதற்கு?

குளத்தைத் தூர்வாருவதற்கும் பண்ணைக்குட்டை வெட்டுவதற்கும் ஜெல் மாற்றாகாது. அதை நாற்றுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.