இழத்தலும் கிட்டாது போதலும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணாக்கரை இடர்ப்படுத்துவன நெடுஞ்சொற்கள் அல்ல. சிறு சொற்கள் இரண்டு கூடிப் புதுப்பொருள் பயக்கும் கூட்டுவினைகளே. 'லூஸ்' என்பது இழத்தல். 'அவுட்' என்பது வெளியே. ஆயினும், 'லூஸ் அவுட்' என்பது வெளியே இழத்தல் அன்று. ஒருவனுக்குக் கிட்டியிருக்கக்கூடிய பேறு கிட்டாது போதலே அதன் பொருள். பெரும்பாலும் அப்பேறு பிறனொருவனைச் சென்றடையும். கிட்டாத பொருளைச் சுட்டுங்கால் அதன்பின் 'ஆன்' என்பதும், முந்திக்கொண்டவனைச் சுட்டுங்கால் 'டு' என்பதும் வரும். இவையின்றிப் பரிசினை அவ்வினைக்கு நேரே செயப்படுபொருளாக்குதல் வழுவாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். நார்வே நாட்டு அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14ஆம் நாள் தென்துருவத்தை அடைந்தார். ஆங்கிலேயராகிய ஸ்காட் நால்வர் துணைவரோடு ஆங்குச் சென்றது 1912 ஜனவரி 17ஆம் நாள். முப்பத்து நான்கு நாள் இடையீட்டால் முதல்வர் என்னும் பெருமை அவருக்குக் கிட்டாது போயிற்று. இதற்கு உரியது 'லூஸ் அவுட்'. மீளும் வழியில் ஐவரும் உயிர் துறந்தனர். இதற்கு உரியது 'லூஸ்'. பெருமை அவர் கையில் என்றும் இருந்ததில்லை. உயிரோ இருந்து நீங்கியது.

இவ்விரண்டனையும் 'இழந்தார்' என்னும் ஒரு சொல்லாற் பெயர்த்தல் தகுமோ? தகாது என்பதே என் துணிபு. 'தவறவிட்டார்' எனினும் பொருந்தாது. அச்சொல் குற்றத்தை அவர்மேல் ஏற்றும். 'அமுண்ட்சென் முந்திக்கொண்டார், ஸ்காட்டுக்குக் கிட்டாது போயிற்று' என்பதே நம் மொழியின் இயல்பான நடை. 'விட்டுக்கொடுத்தல்' என்பதனை விடுதல், கொடுத்தல் எனப் பிரித்துப் பொருள் காணாத நாம், ஆங்கிலத்தை மட்டும் துண்டுதுண்டாக்கிப் பெயர்ப்பது ஏன்?

இவ்வேறுபாடு தமிழுக்குப் புதிதன்று. மெய்ப்பாட்டியலில் அழுகைக்குரிய நிலைக்களன்கள் நான்கனைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர் இழவினையும் வறுமையினையும் தனித்தனியே வைத்தார். உள்ளது நீங்குதல் வேறு, இல்லாமை வேறு என்பதனை அவர் நன்குணர்ந்தவர்.

சொல்லாராய்ச்சியோடு இது முடிவதன்று. பரிசு கிட்டாத மாணாக்கன் 'பரிசை இழந்தேன்' என்று சொல்லிச் சொல்லியே, உடைமை பறிபோனவனைப்போல் உள்ளம் நைகின்றான். அவனிடத்திருந்த யாதொன்றும் குறைந்திலது. பரிசுக்கென அவன் கற்ற கல்வி அவனிடமே உளது. தன் நிலைக்கு உரிய சொல்லை அவன் அறிவானாயின், அடுத்த ஆண்டுக்குரிய முயற்சியை அன்றே தொடங்குவான்.