தேக பலமும் தேச க்ஷேமமும்

ஒரு தேசத்தின் செல்வத்தைக் கணக்கிடுவோர் அதன் நிலத்தையும் ஆலைகளையும் கஜானாவையும் எண்ணுகின்றனர். அவற்றையெல்லாம் இயக்கும் மனித தேகத்தின் நிலைமையை எண்ணுவோர் சிலரே. அந்தக் கணக்கை இன்று எடுத்துப் பார்த்தால் நாம் கவலை கொள்ளாதிருக்க முடியாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ஆம் வருஷம் வெளியான ஆராய்ச்சியின்படி, நம் தேசத்தில் நீரிழிவு கண்டவர்கள் சுமார் 10.1 கோடி, அதன் வாயிற்படியில் நிற்பவர்கள் மேலும் 13.6 கோடி, இரத்தக் கொதிப்புள்ளவர்கள் 31.5 கோடி. 2024-இல் வெளிவந்த உலக ஆராய்ச்சியொன்று, இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் தேகத்துக்கு வேண்டிய அளவு அசைவின்றி வாழ்கின்றனர் என்றும், அவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் என்றும் கூறுகிறது. இவ்விரு கணக்குகளையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு நோயின் மூலம் ஒருவாறு விளங்கும்.

இவ்வியாதிகளைத் தலைவிதியென்று கொள்ள நியாயமில்லை. லண்டன் மாநகரின் மாடி பஸ்களில் நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கிக்கொண்டிருந்த கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு என்பதை டாக்டர் ஜெரமி மாரிஸ் 1953-லேயே எடுத்துக் காட்டினார். அயல்நாட்டுச் சாட்சி போதாதென்பார்க்கு நம் சென்னையிலேயே சாட்சி உண்டு. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் எல்லையிலிருந்த 531 பேரைப் பிரித்துச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். சுமார் மூன்று வருஷத்தில், பொதுவான புத்திமதி மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். நடையையும் உணவு ஒழுங்கையும் மேற்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேரே ஆளாயினர். காரணமும் தெளிவானது. உண்டபின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசையே. வேலை செய்யும் தசை, இன்சுலினின் உதவியை அவ்வளவாக எதிர்பாராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சும்மா கிடக்கும் தசை அவ்வேலையை மறக்கிறது.

“இவையெல்லாம் நாற்காலியில் அமர்ந்திருக்கும் உத்தியோகஸ்தருக்கும் வக்கீலுக்கும் பொருந்தும், வியர்வை சிந்தும் பாட்டாளிக்குப் பயிற்சி எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். இக்கேள்விக்கு ஆலங்குளத்தைச் சுற்றியே விடை தேடுவோம். 1970-இல் இங்கே உற்பத்தி தொடங்கிய சர்க்கார் சிமெண்டு ஆலையும், அருகே இராஜபாளையத்து நூற்பாலைகளும், சத்திரப்பட்டித் தறிகளும் இவ்வட்டாரத்துக்குச் சோறிட்டு வந்தவை. பிறர் காயத்தைக் கட்டும் துணியைச் சத்திரப்பட்டி நெய்து அனுப்புகிறது. அதை நெய்பவனுடைய முதுகு வலிக்கு யார் கட்டுப் போடுவது? ஒரே மூட்டில், ஒரே திசையில், ஓய்வில்லாமல் விழும் பாரம் தேகத்தைத் தேய்க்கிறது. அளவறிந்து செய்யும் பயிற்சியோ, பாரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டி, இடையே ஓய்வும் கொடுத்து, தேகத்தை வளர்க்கிறது. ஓய்வு நேரத்துப் பயிற்சி தரும் பலனைக் கடுமையான கூலியுழைப்பு அதே அளவில் தருவதில்லை என்பது டென்மார்க்கு முதலிய தேசங்களின் ஆராய்ச்சியால் தெரிந்திருக்கிறது. ஆகையால் உழைப்பாளிக்கே பயிற்சி அதிகம் அவசியம்.

இதைச் சாக்காகக் கொண்டு முதலாளிகள் மேலும் பாரமேற்ற நாம் சம்மதியோம். தொழிலாளிக்குக் காயம் உண்டாக்கக்கூடிய பெருஞ்சுமையைத் தூக்கச் செய்யலாகாது என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு விதித்தது. அக்கொள்கையைக் காப்பது முதற் கடமை. தேகத்தை உறுதியாக்குவது அதற்கு அடுத்தது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பயிற்சி எப்படியிருக்க வேண்டும்? உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வகுத்த முறை எளியது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வேகமான நடை போன்ற மிதமான அசைவு. வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. 65 வயதுக்கு மேற்பட்டோர்க்கு, விழாமல் காக்க, மூன்று நாள் சமநிலைப் பயிற்சி. இவற்றில் நம்மவர் நடையைமட்டும் பிடித்துக்கொண்டு வலுப்பயிற்சியைக் கைவிட்டனர். தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நம் முன்னோர் அறிந்தவையே; அவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. 25 பரிசோதனைகளை ஒருங்கே ஆராய்ந்து 2014-இல் வெளியான முடிவின்படி, வலுப்பயிற்சி செய்வோர்க்கு விளையாட்டுக் காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைகின்றன. கைகால்களை வெறுமே நீட்டி மடக்குவதால் அப்பலன் காணப்படவில்லை. தேகத்தைச் சூடேற்றாமலும், தொடைக்கு வலுவேற்றாமலும், திருவிழாச் சமயத்தில் திடீரென்று கபடிக் களத்தில் குதித்து முழங்கால் நரம்பை அறுத்துக்கொள்ளும் வாலிபர்கள் இதைக் கவனிப்பார்களாக. முன்பே வியாதியுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குவதும், எவரும் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவதும் உசிதம்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு மருந்துகள் வீட்டுக்கு வர ஏற்பாடாயிற்று. 2023 நவம்பரில் ஜில்லாதோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்து ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற திட்டமும் தொடங்கிற்று. நல்ல காரியங்களே. ஆனால் ஜில்லாவுக்கு ஒரு பாதை கிராமாந்தரத்து ஜனங்களுக்கு என்ன செய்யும்? சென்னையில் 1920-லேயே ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரி கண்ட மாகாணம் இது. நூறு வருஷம் சென்ற பின்பும், பரீட்சை நெருங்கினால் பள்ளிக்கூடங்களில் முதலில் பலியாவது விளையாட்டுப் பாடவேளைதான்.

ஆகையால் நாம் கோருவன இவை: பள்ளிகளில் தேகப்பயிற்சி நேரத்தை வேறு பாடத்துக்கு எடுக்கலாகாது. ஆலங்குளம் போன்ற ஒவ்வோர் ஊரிலும் பஞ்சாயத்தார் ஒரு மைதானத்தை ஆக்கிரமிப்பில்லாமல் காத்து, விளக்கிட்டு, பெண்கள் அச்சமின்றி நடக்கவும் பயிலவும் தனி வேளை ஒதுக்க வேண்டும். ஆலைகளில் வேலை தொடங்குமுன் கால்மணி நேரம், கூலி பிடிக்காமல், தேகத்தைப் பதப்படுத்த அனுமதிக்க வேண்டும். பொதுஜன ஆரோக்கியத்தை உயர்த்துவது ராஜ்யத்தின் முதன்மையான கடமைகளில் ஒன்று என்று நம் அரசியல் சாசனத்தின் 47-ஆவது ஷரத்து கூறுகிறது. அதைக் கோர்ட்டில் வழக்காடி நிறைவேற்ற முடியாது என்பது மெய்யே. கோர்ட்டு கட்டளையிட முடியாததை ஜனங்கள் கட்டளையிடலாம். வோட்டு அதற்காகவே இருக்கிறது.

கடைசியாக, தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. இரவெல்லாம் கூட்டம், பகலெல்லாம் பிரயாணம், இடையே தேநீரும் வடையும் சுருட்டும் என்று வாழ்ந்து, ஐம்பது வயதுக்குள் மார்பைப் பிடித்துக்கொண்டு சாயும் ஊழியரை இழந்த இயக்கங்கள் பல. அதைத் தியாகமென்று போற்றிப் பயனில்லை. ஆண்டாள் கோயில் தேர் ஆயிரம் கைகள் வடம் பிடிப்பதால் நகர்கிறது. கைகள் தளர்ந்தால் வடம் எவ்வளவு உறுதியாயிருந்தும் தேர் வீதியிலே நின்றுவிடும். நாளைக் காலை அரைமணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள். உங்கள் ஊர் மைதானத்துக்குச் செல்லுங்கள். மைதானமே இல்லையென்றால், அதைக் கேட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்து செல்லுங்கள். அந்த நடையே முதற் பயிற்சியாகட்டும்.