வாழைத்தாரில் விழும் அடி: கம்பம் பள்ளத்தாக்கு குடோன்களுக்கு எந்த மெஷின் தேவை?

துபாய் கடையில் ஒரு வாழைச் சீப்பு கறுப்புத் தழும்போடு கிடந்தால் யாரும் அதைக் கையில் எடுக்க மாட்டார்கள். அந்தத் தழும்பு பல நேரம் கப்பலில் வந்தது இல்லை. சின்னமனூர் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்தில், தாரை ‘தொப்’பென்று தரையில் இறக்கியபோதே விழுந்த அடி அது. காய் பச்சையாக இருக்கும்வரை தெரியாது. பழுத்ததும் காட்டிக்கொடுத்துவிடும்.

குடோன் ஆட்டோமேஷன் என்றாலே நமக்கு ரோபோதான் ஞாபகம் வரும். கிவா என்ற ரோபோ நிறுவனத்தை அமேசான் 2012-ல் 77.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. தேனிக்கு அந்தப் படம் பொருந்தாது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி ரொம்ப எளிது: தோட்டத்திலிருந்து லாரி வரை ஒரு சரக்கை எத்தனை முறை தூக்கி இறக்குகிறோம்?

ஜி9 ரக வாழையையே எடுத்துக்கொள்வோம். ஒரு தார் 25, 30 கிலோ வரும். தோளில் சுமந்து வரப்பு தாண்டி, தரையில் அடுக்கி, டெம்போவில் ஏற்றி, மண்டியில் இறக்கி, மறுபடி லாரியில் ஏற்றி... ஒவ்வொரு முறையும் ஓர் அடி.

ஈக்வடார், பிலிப்பைன்ஸ் எஸ்டேட்களில் தோட்டத்துக்குள்ளேயே கம்பி கட்டி, கொக்கியில் தாரைத் தொங்கவிட்டு இழுத்து வருகிறார்கள். தார் தரையைத் தொடுவதே இல்லை. பேக் ஹவுஸில் சீப்பு சீப்பாக வெட்டித் தண்ணீர்த் தொட்டியில் விடுகிறார்கள். தொட்டி பால் கறையைக் கழுவும். காயை மிதக்கவிட்டு மறுமுனைக்கும் கொண்டுபோகும். வாழைக்கு இதைவிட மென்மையான கன்வேயர் கிடையாது! பிறகு எடை, அட்டைப்பெட்டி, உருளைப் பாதை, பேலட், கையால் தள்ளும் பேலட் டிரக், 13 முதல் 14 டிகிரி குளிர் அறை. பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சுமந்தால் அறைக் கதவு திறந்தே கிடக்கும், குளிர் வெளியேறும். பேலட்டோடு தள்ளினால் சில நிமிடத்தில் வேலை முடியும்.

கம்பிப் பாதையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. எஸ்டேட் ஒரே முதலாளியுடையது; கம்பம் பள்ளத்தாக்கில் துண்டு துண்டு நிலம், ஆளுக்கொரு வரப்பு. இங்கே சரிப்படுவது உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்தும் பொது பேக் ஹவுஸும், உள்ளே ஸ்பாஞ்ச் விரித்த டிரெய்லரும்தான். 2020-ல் தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு, அதிகபட்சம் 7 ஆண்டுகளுக்கு. ஒரு விஷயம்: தளம் மேடு பள்ளமாக இருந்தால் எந்த பேலட் டிரக்கும் ஓடாது. முதல் செலவு சிமென்ட்டுக்குத்தான்.

போடி ஏலக்காயைப் பாருங்கள். ஏலம் கம்ப்யூட்டர் திரைக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. மூட்டை மட்டும் இன்னும் முதுகில்.

அந்த முதுகுக்குச் சொந்தக்காரரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆண் தொழிலாளி சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. மெஷின் வந்தால் இடுப்பு தப்பிக்கும், சரி. ஆனால் லோடுமேனுக்குக் கூலி மூட்டைக் கணக்கில். தூக்கி இறக்குவது பாதியானால் கூலியும் பாதி. அவர் மெஷினை எதிர்க்கிறார் என்றால் அது பிடிவாதம் இல்லை, வீட்டுக் கணக்கு.

தழும்பு குறைந்தால் ஏற்றுமதியாளருக்கும் விவசாயிக்கும் லாபம். அதில் ஒரு பங்கு லோடுமேனுக்கும் போக வேண்டும். பேலட் டிரக் ஓட்டப் பழக்குவதை அவரிடமிருந்தே தொடங்கலாம். மூட்டைக் கூலியை நாள் கூலியாக மாற்றும் பேச்சை, மெஷின் வந்து இறங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். மானியமும் கடன் சலுகையும் தரும் அரசு, இதை எழுத்தில் கேட்டு வாங்கலாம்.