அப்பா பெயரில் ஓர் ஆல்பம்

1977 ஏப்ரலில் ‘தி கிளாஷ்’ என்ற பங்க் ராக் குழுவின் முதல் ஆல்பம் லண்டனில் வெளிவந்தது. சங்கீத ஞானம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் ஆத்திரம் குறையக்கூடாது என்கிற கட்சி. அதே ஆண்டு ஆகஸ்டில் இலங்கையில் தமிழர்கள் மேல் வன்முறை பாய்ந்தது. கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிக்கொண்டு ‘லங்காராணி’ கப்பல் வடக்கே போனது. அந்தப் பயணத்தை நாவலாக்கியவர் அருளர், ஈரோஸ் என்ற ஈழ இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

இந்த இரண்டு சரக்கும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன. அருளரின் மகள் மாதங்கி, மேடைப்பெயர் எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், பதினோரு வயது வாக்கில் அகதியாக லண்டனுக்கே திரும்பியவர். நுண்கலை படித்தவர். ‘எலாஸ்டிகா’ குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன் வீட்டில் இருந்த ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளப்பெட்டியைத் தட்டித் தட்டியே பாட்டுக் கட்டக் கற்றுக்கொண்டார். பங்க் ஆட்கள் கிடாரை எடுத்த மாதிரிதான். முதல் பாட்டு ‘கலாங்’ ஐந்நூறு இசைத்தட்டுகளாக வந்தது. 2005-இல் ஆல்பம். பெயர், ‘அருளர்’.

நம்மூரில் அப்பா ஓர் எழுத்தாக நம் பெயருக்கு முன்னால் நிற்பார். பெரும்பாலும் அவர் வீட்டிலும் இருப்பார். இந்த அப்பா இயக்கம் இயக்கமென்று போனவர். பிள்ளைகளோடு இருந்த நாட்கள் சொற்பம். மகள் அந்தப் பெயரை அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டார். பெயரை மாற்றச் சொல்லி அப்பா மின்னஞ்சல் அனுப்பினாராம், மகள் மசியவில்லை. சிலர் இதைப் பாசம் என்று எழுதுகிறார்கள். எனக்கு இது வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்பதாகத்தான் படுகிறது.

மதுரை கே.கே. நகர்க்காரர்கள் வண்டியூர் கண்மாய்க்கரை நடைப்பயிற்சிக்கு இந்த ஆல்பத்தைப் போட்டுக்கொள்ள வேண்டாம். கால் அதன் பாட்டுக்கு வேகமெடுத்து, இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்கும்.

அடுத்த ஆல்பம் 2007-இல், அம்மா பெயரில், ‘கலா’. பிள்ளைகளைத் தையல் வேலை பார்த்து வளர்த்தவர் அவர். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் நாம் கேட்ட ‘பேப்பர் பிளேன்ஸ்’ இதில்தான் இருக்கிறது. அதன் அடிநாதம் கிளாஷ் குழுவின் 1982 பாட்டிலிருந்து எடுத்தது. ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டில் உறுமி. வளைந்த குச்சியால் தோலை இழுத்துத் தேய்க்கும்போது அடிவயிற்றிலிருந்து வருமே, அந்த முனகல். எதிர்வீட்டுத் தம்பிக்குப் போட்டுக் காட்டினேன்.

“என்னண்ணே, அழகர் எதிர்சேவைல கேட்டது மாதிரியே இருக்கு. வெள்ளைக்காரன் பாட்டுன்னீங்க?”

“வெள்ளைக்காரன் ஊர்ப் பாட்டுதான்டா. பாடுறது நம்ம புள்ள.”

“அப்ப சத்தத்தக் கூட்டுங்க.”