ஒரே சரக்கு, இரண்டு விலையா?



கம்பெனிச் சரக்கை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர்கள் விநியோகஸ்தர்களும் மொத்த வியாபாரிகளும்தான். முன்பணம் கட்டிச் சரக்கெடுத்து, மேட்டுப்பாளையத்தில் லாரியில் இறக்கி, வில்லியனூர், திருக்கனூர், பாகூர் கடைகள் வரை கடனுக்குக் கொடுத்துப் பழக்கினோம். சரக்குக்குப் பெயர் வந்தபின், கம்பெனிகள் செல்போன் செயலி மூலமும் பெருநிறுவனங்களின் மொத்த விற்பனைக் கிடங்குகள் மூலமும் எங்களைத் தாண்டிப் போகின்றன.

இது புதுவைக்கு மட்டும் வந்த சங்கடமல்ல. 2021 டிசம்பரில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. ஜியோமார்ட், மெட்ரோ, உடான் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் விலையை எங்களுக்கும் கொடுங்கள் என்பதே கோரிக்கை. 2022 ஜனவரியில் மகாராஷ்டிர விநியோகஸ்தர்கள் கோல்கேட் சரக்கில் சிலவற்றை நிறுத்தியும் பார்த்தார்கள். 2023-இல் மெட்ரோவின் இந்திய வியாபாரத்தை ரிலையன்ஸ் 2,850 கோடி ரூபாய்க்கு வாங்கியது. மொத்த விற்பனை, சில்லறைக் கடை, செயலி எல்லாம் ஒரே கையில் சேர்ந்துவிட்டன.

விலை குறைவாக இருக்கிறதென்று செயலியில் வாங்கும் மளிகைக்காரரை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். 10,000 ரூபாய்ச் சரக்குக்கு அங்கே 200 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். எங்களிடம் 15 நாள் கடன் உண்டு. அதே பணத்தை நூற்றுக்கு 2 வட்டிக்கு வெளியே வாங்கினால் 100 ரூபாய் போய்விடும். காலாவதியான பாக்கெட், எலி கடித்த சோப்பு, பண்டிகைக்கு முதல்நாள் கேட்கும் அரைப்பெட்டி எண்ணெய், இவற்றை யார் பார்ப்பார்கள்? மீதி 100 ரூபாய் இதற்கே காணாது.

இன்னொரு அநியாயமும் உண்டு. விநியோகஸ்தருக்குக் கம்பெனி எல்லை போட்டுத் தருகிறது. கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு; அங்கே விற்றால் கேள்வி வரும். செயலிக்கோ எல்லையே இல்லை. எங்கள் காலைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம் நடத்துவது எந்த நியாயம்?

ஆகவே என்ன செய்யலாம்? கம்பெனி நேரில் விற்கவே கூடாது என்று நாம் கேட்க முடியாது, கேட்டாலும் நிற்காது. சங்கத்தின் அனுமதி இல்லாமல் விநியோகஸ்தரை நியமிக்கக் கூடாது என்று தடை போட்ட அகில இந்திய மருந்து வணிகர் அமைப்புக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2013-இல் அபராதம் விதித்தது. சட்டம் கம்பெனியை மட்டுமல்ல, சங்கத்தையும் கேள்வி கேட்கும்.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒரே அளவு கொள்முதலுக்கு ஒரே விலை. காலாவதிச் சரக்கைத் திரும்ப எடுக்கவும் ஏஜென்சியை நிறுத்த முன்கூட்டித் தெரிவிக்கவும் எழுத்துமூல ஒப்பந்தம். எங்களுக்கு எல்லை உண்டென்றால் செயலிக்கும் அதே எல்லை.

விலை வித்தியாசம் தெரியும் ஒவ்வொரு முறையும் இரண்டு பில்லையும் எடுத்துவைத்து சங்கத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சைக் கம்பெனி அதிகாரி சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவார். பில்லைத் தள்ள முடியாது. மொத்த வியாபாரி போய்விட்டால் இன்று குறைத்துக் கொடுப்பவர் நாளையும் குறைத்துக் கொடுப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்போது மளிகைக்கடைக்காரர் போய்க் கேட்க இன்னொரு கடை இருக்காது.